வடக்கே போகிற மணல்

அத்தியாயம் 14

சென்ற வாரம் ஷீலாவின் கம்ப்யூட்டர் திரையில் வந்து நின்ற எண், இருபத்திரண்டு. அதைப் பார்த்தபின் அவள் சரியாகத் தூங்கவில்லை. ஏனென்று, இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடலாம்.

கொட்டிவாக்கத்தைத் தாண்டிக் கடலை ஒட்டி இருக்கிறது கன்னிமார்குப்பம். ஷீலா பிறந்த ஊர். இரண்டு வருடத்துக்கு முன் டிசம்பரில் ஒரே வாரத்தில் பதினொரு வீடுகளைக் கடல் கொண்டுபோனது. மிச்ச வீடுகளைக் காப்பாற்ற அரசாங்கம் அங்கே மூன்று தூண்டில் வளைவுகள் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறது. கரையிலிருந்து கடலுக்குள் கை நீட்டினாற்போல் பாறாங்கல்லை அடுக்கிக் கட்டும் சுவர்கள் அவை. அலையோடு நகர்ந்து போகும் மணலைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும்.

ஆனால் அந்த மணல் வருடத்தில் முக்கால்வாசி நாள் வடக்கு நோக்கித்தான் போகிறது. இங்கே பிடித்து நிறுத்தினால் அங்கே போய்ச் சேராது. வரைபடத்தில் இருக்கிறபடியே கட்டினால், மூன்றே மழைக்காலத்தில் வடக்கே அடுத்த ஊரான வேலங்குப்பத்தின் கரை இருபத்திரண்டு மீட்டர் உள்வாங்கிவிடும். கடல் பொறியியலில் டாக்டர் பட்டத்துக்காக ஷீலா செய்த ஐந்து வருட ஆராய்ச்சியின் கடைசிக் கணக்கு அது.

வேலங்குப்பம், அவள் அக்கா மீனாட்சியைக் கட்டிக்கொடுத்த ஊர்.

இதை அவள் தன் கைடு வைதேகி மேடத்திடம் மட்டும் சொல்லியிருந்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பா இல்லாத குறை தெரியாமல் வளர்த்த மாமா கபாலியிடமும் சொல்லவில்லை. அந்த மாமாதான் கன்னிமார்குப்பத்தின் தலைவர். தூண்டில் வளைவு வேண்டும் என்று ஆறு வருடமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர்.

வியாழக்கிழமை விடிந்ததே சரியில்லை.

"எந்திரிடி. உன் போட்டோவ தெருமுனைல கட்டிக்கீறான் உன் மாமன்" என்று அம்மா தேவானை உலுக்கினாள்.

ஷீலா வாசலுக்கு வந்து பார்த்தாள். கம்யூனிட்டி ஹால் சுவரை மறைத்து ஒரு ஃபிளெக்ஸ் பேனர். பட்டமளிப்பு அங்கியில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பி.இ. முடித்தபோது எடுத்த படம். 'இன்று மாலை 4 மணிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். எங்கள் குப்பத்தின் பெருமை டாக்டர் ஷீலா உரையாற்றுகிறார்.'

"நான் இன்னும் டாக்டர் ஆவலம்மா."

"பதினோரு மணிக்கு இன்னாவோ மீட்டிங்கு, முடிஞ்சா ஆச்சுன்னு சொன்னியே?"

"அதுக்கப்புறமும் கீதும்மா. இன்னிக்கு நடக்கறது சினாப்சிஸ், ஆராய்ச்சிய சுருக்கி குழுவாண்ட சொல்றது. அவங்க ஒத்துக்கினாத்தான் தீசிஸே குடுக்க முடியும்."

"ஒத்துக்குவாங்க. மொகத்த கழுவு" என்றாள் தேவானை. அவள் குரலில் சந்தேகமே இல்லை. அந்தச் சந்தேகமின்மைதான் ஷீலாவை இன்னும் பதறவைத்தது.

அவள் முகத்தைக் கழுவி, புடவையைக் கட்டி, பிடிக்காமல் அவிழ்த்து, சுடிதார் போட்டு, மறுபடியும் புடவையையே கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

* * *

வைதேகி மேடத்தின் வீடு மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்குப் பின்னால் இருந்தது. எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். இருவரும் காரில் சேர்ந்தே போகலாம் என்று ஏற்பாடு.

"உள்ள வா. ஆத்துல யாரும் இல்லை. அவர் வாக்கிங் போயிருக்கார்." காபியை நீட்டியபடியே முகத்தைப் பார்த்தாள். "தூங்கலையோன்னோ நீ?"

"தூங்கினேன் மேடம்."

"பொய் சொல்ல உனக்கு வரலை. உக்காரு." வைதேகி எதிரில் உட்கார்ந்தாள். "இதோ பார். அலைத்தொட்டியில நீ செஞ்ச சோதனையெல்லாம் சேர்ந்து நாலு அத்தியாயம். அதுல யாரும் கை வைக்க முடியாது. அஞ்சாவதுதான் வம்பு. ஒரு நிஜ ஊரைப் பத்தி, நாளைக்குக் கட்டப்போற ஒண்ணைப் பத்தி எழுதியிருக்கே. குழுத் தலைவர் மதிவாணன் விடமாட்டார்."

"கணக்கு தப்பா மேடம்?"

"தப்புன்னு நான் சொல்லலை. போறாதுன்னு அவர் சொல்லுவார். தப்பு வேற, போறாது வேற." டம்ளரைக் கீழே வைத்தாள். "எடுத்துடறேன்னு சொல்லிடு. நாலு அத்தியாயமே பட்டத்துக்கு தாராளமாப் போறும். ஜனவரில நெதர்லாந்துல உனக்காக வேலையை வச்சுண்டு காத்துண்டிருக்கா. பட்டம் இல்லாம அங்க போய் நிக்க முடியுமா?"

ஷீலா கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள்.

கார் சாந்தோம் வழியாகப் போய் அடையாறு பாலம் ஏறியபோது அவள் இடது பக்கம் ஆற்றின் முகத்துவாரத்தில் கடல் வெள்ளையாய் உடைவதைப் பார்த்தாள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவள் கண் தானாகத் தேடியது. தெற்கிலிருந்துதான்.

* * *

குழுவில் ஐந்து பேர். மேசையின் தலைப்பக்கம் மதிவாணன். அறுபதை நெருங்குகிறவர். குரலை உயர்த்தாமல் கேள்வி கேட்பார் என்று மாணவர்கள் பயப்படுவார்கள்.

ஷீலா நாற்பது நிமிடம் பேசினாள். எங்கும் தடுக்கவில்லை. அலைத்தொட்டியில் தண்ணீரை அடித்து, பொடி மணலைப் பரப்பி, குட்டிக் குட்டிக் கற்களால் தூண்டில் வளைவு கட்டிப் பார்த்த கதையை அவள் தூக்கத்தில்கூடச் சொல்வாள்.

"ரொம்பச் சுத்தமான வேலை" என்றார் மதிவாணன். "இப்ப அஞ்சாவதுக்கு வருவோம். கரையை மூணு வருஷம் அளந்திருக்கீங்க. மாசம் ரெண்டு தடவை. நல்லது. ஆனா ரெண்டாவது வருஷம் நவம்பர் கடைசியிலேருந்து ஜனவரி வரைக்கும் ஒண்ணுமே இல்லையே. ஏன்?"

"படகு கிடைக்கலை சார்."

அது பொய்யில்லை. அவள் அளப்பதெல்லாம் மாமாவின் ஃபைபர் படகில் போய்த்தான். பதினொரு வீடு போன அந்த டிசம்பரில் படகை நடுத்தெருவுக்கு இழுத்துவந்து மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள். ஷீலா, பக்கத்து வீட்டு ஜானுவின் கிரைண்டரை ஜானுவோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது ஜானு வீட்டுப் பின்சுவர் சத்தமில்லாமல் மணலுக்குள் உட்கார்ந்தது. கடல் அதிகமாகத் தின்ற நாட்களில்தான் அவளிடம் அளவு இல்லை.

இதையெல்லாம் அந்த ஏசி அறையில் எப்படிச் சொல்வது? சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும்.

"அப்ப கையில இருக்கறது ரெண்டு மழைக்காலம்" என்றார் மதிவாணன். "ரெண்டை வச்சுக்கிட்டு ஒரு ஊர்க் கரை இருபத்திரண்டு மீட்டர் போகும்னு எழுதறீங்க. நான் உங்களை மட்டம் தட்டறதுக்காகச் சொல்லலை அம்மா. அந்த எண் சரியாவும் இருக்கலாம். பன்னிரண்டாவும் இருக்கலாம். முப்பதாவும் இருக்கலாம். கல்லு போட்டா போட்டதுதான். எண் தப்பாயிருந்தா, அடுத்த தடவை நீங்க சரியாச் சொன்னாக்கூட யாரும் கேக்கமாட்டாங்க."

அவளால் அதை மறுக்க முடியவில்லை. அவர் இடத்தில் அவள் இருந்திருந்தால் அதையேதான் கேட்டிருப்பாள்.

பத்து நிமிடம் வெளியே நிற்கவைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்கள். இரண்டு வழி இருக்கிறது என்றார் மதிவாணன். ஐந்தாவது அத்தியாயத்தை எடுத்துவிட்டால் அடுத்த வாரமே தீசிஸைச் சமர்ப்பிக்கலாம். அது இருக்கவேண்டும் என்றால் வருகிற மழைக்காலம் முழுக்க இன்னொரு முறை அளக்கவேண்டும். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள உங்க கைடுகிட்ட சொல்லிடுங்க."

வராந்தாவில் வைதேகி அவள் தோளைத் தொட்டாள். "எடுத்துடறதுன்னே வச்சுக்கோ. ஆத்துக்குப் போய்த் தூங்கு."

"இன்னிக்கு ஊர்ல கூட்டம் இருக்கு மேடம்."

"அங்க நீ வாயைத் திறக்காதே. கேட்டியா? இன்னும் குழு ஒத்துக்காத எண் அது."

* * *

ஷேர் ஆட்டோவில் பாதி தூரம்தான் அவளால் உட்கார முடிந்தது. திருவான்மியூரிலேயே இறங்கி நடந்தாள். நடந்தால் யோசிக்க முடியும் என்று நினைத்தாள். யோசனை வரவில்லை, வியர்வைதான் வந்தது.

ஹாலில் மாமா பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா பாப்பா, ஆயிட்டியா டாக்டரு?"

"மாமா, ஒரு நிமிசம் வெளிய வா."

கடல் பக்கம் கூட்டிப்போனாள். முதலில் கோர்வையாகச் சொல்ல நினைத்தாள். கடைசியில் எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. மணல் எந்தப் பக்கம் போகிறது, மூன்று சுவரும் அதை எப்படி நிறுத்தும், வேலங்குப்பத்தில் எவ்வளவு போகும், மீனாட்சியின் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இப்போது எவ்வளவு இடம் இருக்கிறது.

கபாலி குறுக்கே பேசாமல் கேட்டார். அவள் முடித்ததும் கடலைப் பார்த்தபடி சொன்னார்.

"தெரியும்."

ஷீலாவுக்குப் புரியவில்லை. "இன்னா தெரியும்?"

"மணலு வடக்க போவும்னு தெரியும். கல்லு போட்டா அவன் ஊரு காலியாவும்னு தெரியும். நாப்பது வருசமா இந்தத் தண்ணில கீறேன், எனக்கு அதுகூடத் தெரியாதா? நீ கம்பு நட்டு அளந்தியே, அப்ப யாரு படகைப் புடிச்சிக்கினு இருந்தது?"

"தெரிஞ்சே கேக்கறியா?"

"பதினோரு வூடு போச்சே பாப்பா. அன்னிக்கி நான் தலைவரு. ஒவ்வொருத்தியா வந்து எங்கூட்டு வாசல்ல நின்னு அழுதாளுங்க. நான் யாரு வூட்டைப் பாக்கறது? நம்ம ஊர பாக்கறதா, அவன் ஊர பாக்கறதா?"

"அக்கா அந்த ஊர்ல கீது மாமா."

"மீனாவையும் அவ புள்ள விக்கியையும் இங்க கூட்டியாந்துடுவேன். எங்கூட்டுப் பின்னாடி எடம் வுட்டு வச்சிக்கீறேன்."

"மத்தவங்களுக்கு?"

அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"உன்ன பொய் சொல்ல சொல்லல நான்" என்றார் கடைசியில். "நீ பேசவே வோணாம். மேடைல சும்மா குந்திக்கினு இரு. அது போதும் எனுக்கு."

காலையில் மயிலாப்பூரிலும் மத்தியானம் கடற்கரையிலும் அவளுக்குக் கிடைத்த புத்தி ஒன்றேதான். அவள்மீது அன்பு வைத்த இரண்டு பேரும் அவளை வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள். இருவரிடமும் நியாயம் இருந்தது. அதுதான் அவளை அலைக்கழித்தது.

* * *

நாலரைக்குக் கூட்டம் ஆரம்பித்தது. ஹால் நிறைந்து ஜன்னலுக்கு வெளியிலும் ஆட்கள். செயற்பொறியாளர் என்று ஒரு அம்மா வந்திருந்தார். வரைபடத்தை விரித்துக் காட்டினார். அதில் கன்னிமார்குப்பம் முழுசாக இருந்தது. வேலங்குப்பம் காகிதத்தின் விளிம்பில் பாதியோடு வெட்டுப்பட்டிருந்தது.

கபாலி பேசினார். நன்றாகவே பேசினார். பதினொரு வீட்டுக்காரர்களின் பெயரையும் காகிதம் பார்க்காமல் சொன்னார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவர் ஷீலாவின் பக்கம் திரும்பாமலே போய் உட்கார்ந்தார்.

பொறியாளர் அம்மா மைக்கை எடுத்தார். "வெளியே பேனர் பார்த்தேன். உங்க ஊர்ப் பொண்ணு இதே துறையில ஆராய்ச்சி செய்யறாங்களாமே. அவங்க ரெண்டு வார்த்தை சொல்லட்டுமே?"

மாமா எழுந்து, "அதுக்கு ஒடம்பு சரியில்ல மேடம்" என்றார்.

ஷீலா அதற்குள் எழுந்துவிட்டாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மைக் கைக்கு வந்ததும் அது கொஞ்சம் கூவியது.

"நான் இன்னும் டாக்டர் ஆவல. அந்த பேனர நம்பாதீங்க" என்றாள். சிலர் சிரித்தார்கள். "நம்ம வூடுங்க நிக்கணும். கல்லு போடணும். அதுல எனக்கும் மாமாவுக்கும் சண்டையில்ல. ஆனா இந்தப் படத்துல கீற மாதிரி போட்டா, நம்ம மணல நாம புடிச்சிக்கினு வேலங்குப்பத்தை கடலுக்கு குடுத்துடுவோம். எவ்ளோ போவும்னு நான் ஒரு கணக்கு போட்டுக்கீறேன். அது முழுக்க சரின்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா போவும். அது நிச்சயம். சுவரைக் குட்டையா போடலாம். வடக்கால மொதல்ல மணல் கொட்டிட்டு அப்புறமா கட்டலாம். கொஞ்சம் நாளாவும். ஆனா ரெண்டு ஊரும் நிக்கும்."

எல்லாப் பக்கமும் சத்தம்.

"நீ எந்த ஊர்க்காரி?"

"அக்காவுக்காக பேசறா!"

"படிக்க வச்சதுக்கு இதான் வேலையா?"

ஜானு நாற்காலியைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். அவள் கத்தவில்லை. "நாளாவும்னு சொன்னியே. இந்த ஐப்பசிக்கு கடலு வந்தா, இப்ப நான் குடியிருக்கற வூடு இருக்குமா இருக்காதா? அத மட்டும் சொல்லு."

அந்தக் கேள்வி மதிவாணனின் கேள்வியைவிடக் கடினமாக இருந்தது.

"தெரியாதுக்கா" என்றாள் ஷீலா.

ஜானு அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்பி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே போனாள். அவள் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் போனார்கள்.

பொறியாளர் அம்மா எழுதிக்கொண்டே சொன்னார். "வாயால சொன்னா நான் பதிவு செய்ய முடியாது. உங்க கைடு கையெழுத்தோட எழுத்துல கொடுங்க. பதினைந்து நாள் டைம். வரலைன்னா இந்தப் படமே மேலே போகும்."

ஷீலா மாமாவைத் தேடினாள். அவர் நாற்காலி காலியாக இருந்தது.

* * *

கூட்டம் கலைந்ததும் அவள் ஹாலின் பின்பக்கம் போய் வைதேகிக்குப் போன் செய்தாள். சொல்லவேண்டியது தெளிவாக இருந்தது. அத்தியாயத்தை எடுத்துவிட்டால் பொறியாளர் கேட்ட கையெழுத்தைப் போட ஒன்றுமே இருக்காது.

"மேடம், அஞ்சாவது அத்தியாயம் இருக்கட்டும். இன்னொரு மழைக்காலம் அளக்கறேன்."

எதிர்முனையில் யாரோ குக்கரை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது.

"பேசிட்டியா அங்க?"

"பேசிட்டேன்."

"ஜனவரி போயிடும்டி."

"தெரியும் மேடம். அதுக்கு முன்னாடி, இப்ப இருக்கற அளவை மட்டும் வச்சு ஒரு அறிக்கை வேணும். எதுல சந்தேகம் இருக்குன்னும் அதுலயே எழுதிடறேன். நீங்க கையெழுத்துப் போடணும்."

வைதேகி நீளமாக மூச்சுவிட்டாள். "எழுதிண்டு வா. படிச்சுப் பார்க்கறேன். போடறேன்னு சொல்லலை, படிக்கறேன்னுதான் சொன்னேன்." போன் வைக்கப்பட்டது.

வீட்டில் அம்மா அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஷீலா வந்ததும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மாமா எங்கம்மா?"

"என்னக் கேக்கறியா? என் அண்ணன் தலைய நாலு பேரு முன்னாடி குனிய வச்சிட்டு, எங்கன்னு என்னக் கேக்கறியா?"

"அவர் தெரிஞ்சேதாம்மா கல்லு கேட்டாரு. மீனாக்கா ஊரு போவும்னு தெரிஞ்சே."

தேவானை நிமிர்ந்தாள். அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "மீனா வூடா?" என்றாள். "எம் பொண்ணு வூடா?" புடவை முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஷீலாவின் போன் அடித்தது. மீனாட்சி.

அவள் எடுக்கத் தயங்கினாள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர், அதற்குள் செய்தி போகாமல் இருக்குமா? அக்கா அழுவாளா, நன்றி சொல்வாளா, இரண்டையும் தாங்க முடியாது என்று தோன்றியது. எடுத்தாள்.

"ஷீலா, அங்க இன்னா ஆச்சு?" மீனாட்சி குரலைத் தாழ்த்திப் பேசினாள். பின்னால் ஆண்கள் குரல் பல கேட்டது. "மாமா இங்க வந்துக்கீறாரு. தனியா, கரையோரமாவே நடந்து வந்துக்கீறாரு. வேட்டியெல்லாம் நனைஞ்சி கீது. நேரா எங்க தலைவரு வூட்டு வாசல்ல போய் நின்னுக்கினாரு. எல்லாரும் கூடிட்டாங்க. விக்கி கையப் புடிச்சி உள்ள இஸ்துக்கினு போவப் பாத்தான், கைய உதறிட்டாரு."

"இன்னா சொல்றாருக்கா?"

"ஒண்ணுமே சொல்லல. 'உங்களாண்ட ஒண்ணு சொல்லிட்டுப் போவ வந்தேன்'னு மட்டும் சொன்னாரு. அப்புறம் வாயே வரல அவருக்கு. நின்னுக்கினே கீறாரு."